இரவல் கத்தரி

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற விவசாயப் போதனாசிரியரிடம் நாலு வார்த்தை கேட்பவர்களுக்கு அனுபவம் போதாது என்றுதான் சொல்வேன். தொடங்கினால் நிறுத்தமாட்டேன். ஆனாலும் பயப்படாதீர்கள். கத்தரி விதையை எவ்வளவு ஆழத்தில் போடுவது, வெண்டிக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்றெல்லாம் சொல்லி உங்களை நித்திரையாக்கப் போவதில்லை. அதெல்லாம் துண்டுப்பிரசுரத்தில் இருக்கிறது. நான் சொல்லப்போவது, ஒரே ஒழுங்கையில் ஒரே கத்தரிச் செடியை ஒரே காலையில் மூன்று வீடுகளில் சந்தித்த கதை. அந்தக் காலையில் நான் வாய் திறந்தது சரியா, பிழையா என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வீட்டுத்தோட்டம் என்றால் லேசான வேலை என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். நெல் என்றால் பெரிய விஷயம், குளம், வாய்க்கால், கூட்டம், சண்டை எல்லாம் உண்டு. வீட்டுத்தோட்டம் என்றால் நாலு கத்தரி, ரெண்டு மிளகாய், ஒரு படம் எடுத்தால் வேலை முடிந்தது. அப்படியில்லை, பிள்ளைகளே. வயலில் நெல் அழிந்தால் மனிதர்கள் ரோட்டில் நின்று சொல்வார்கள். வானத்தைத் திட்டுவார்கள், எங்களையும் சேர்த்துத் திட்டுவார்கள். கிணற்றடியில் போட்ட பாத்தி அழிந்தால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அது குசினியோடு சேர்ந்த விஷயம். குசினியில் குறை என்று வெளியாளிடம் சொல்ல எந்த வீட்டுப் பெண்ணுக்கு மனம் வரும்?

இது நடந்தது பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்தக் கெட்ட காலத்தில். கடைகளில் விதைப் பைக்கற்றும் இல்லை, பசளையும் இல்லை. எல்லோரும் வீட்டில் பயிரிடுங்கள் என்று காலையில் வானொலி சொல்லும், மத்தியானம் அலுவலகம் சொல்லும், பின்னேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோயில் ஒலிபெருக்கியும் சொல்லும். அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு திட்டம் எங்கள் பகுதிக்கு வந்தது. குடும்பத்துக்கு ஒரு விதைப் பொதி இலவசம். நான் பொதியைத் திறந்து பார்த்தேன். முட்டைக்கோவா, கரட், பீற்றூட், தக்காளி. எல்லாவற்றுக்கும் அடியில், தவறி விழுந்தது போல, நீட்டு ஊதாக் கத்தரி. இந்தப் பொதியைத் தெரிவு செய்தவர் குளிருக்குப் போர்த்திக்கொண்டு இருந்துதான் தெரிவு செய்திருக்க வேண்டும். எங்கள் கரையோர மணலுக்கும் வெயிலுக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கக் கூடியது அந்தக் கத்தரி ஒன்றுதான்.

கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். பொதி கட்டி முடிந்துவிட்டது என்றார்கள். சரி, மாரி மழை அடித்து ஓய்ந்த பிறகாவது கொடுங்கள் என்றேன். பிரதம விருந்தினருக்கு வசதியான திகதி மாரிக்கு முந்தித்தான், விழாக் கூடாரத்துக்கும் சொல்லியாயிற்று என்றார்கள். கூடாரத்துக்குச் சொல்லியாகிவிட்டால் அதற்கு மேல் வானமே ஒன்றும் செய்ய ஏலாது. உங்களுக்கும் இப்படிக் கூட்டங்கள் வரும். அங்கே தோற்பது ஒன்றும் புதினமில்லை. தோற்றுவிட்டு வந்து பேசாமல் இருப்பதுதான் பிழை. எதைக் கொடுத்தாலும் கொடுத்த பிறகு போய்ப் பார்க்க வேண்டும். அந்த முறை எனக்கு அதற்குக் கூட வழி இருக்கவில்லை.

விழா நடந்த இடம் தோப்பூர்ப் பக்கம், களப்புக்குக் கிட்ட, இரண்டு பக்கமும் வேலியடைத்த வீடுகள் உள்ள ஒரு சின்ன ஒழுங்கை. முஸ்லிம் குடும்பங்கள். ஆண்கள் கடலுக்கும் களப்புக்கும் போகிறவர்கள், சிலர் கூலிக்கு வயலுக்குப் போகிறவர்கள். மேலே மணல், கொஞ்சம் தோண்டினால் தண்ணீர் நிற்கிற பள்ளக் காணி. அங்கே பாத்தியை உயர்த்திக் கட்டாவிட்டால் மாரிக்குள் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் விருந்தினர் வருகிறார், படம் எடுக்கிறார்கள் என்று பெண்கள் பாத்திகளைத் தரையோடு தரையாகப் பாய் விரித்த மாதிரி அழகாகப் போட்டிருந்தார்கள். விருந்தினர் கையால் ஒரு பிடி, அவர்கள் கையால் மிச்சம் என்று அன்றைக்கே அவ்வளவு விதையும் மண்ணுக்குள் போய்விட்டது. பொதி உறைகளைத் தடியில் குத்திப் பாத்தித் தலைமாட்டில் நட்டார்கள். அந்தக் கிழமையே மழை பிடித்துக்கொண்டது. மழைக்குப் பிறகு பெற்றோல் இல்லை. என் ஸ்கூட்டி வீட்டு விறாந்தையில் தூசி பிடித்து நின்றது.

போனில் கேட்டேன். அந்த ஒழுங்கைப் பெண்கள் குழுவின் தலைவி ஜெசீமா. கெட்டிக்காரி, நேருக்கு நேர் பேசுகிற மனுஷி. தோட்டம் எப்படி என்று கேட்டால், அல்ஹம்துலில்லாஹ், நல்லா இரிக்கு மிஸ் என்பார். திரும்பக் கேட்டாலும் அதேதான். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கோவா நன்றாக இருக்கிறது என்று அந்த மணலில் இருந்து ஒருவர் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் அந்த நாட்களில் ஒரு நல்ல சொல் காதில் விழுந்தால் அதைக் கிண்டிப் பார்க்க மனம் வராது.

வெயில் காலத்துக் கச்சான் காற்று வீசத் தொடங்கிய பிறகுதான் திட்ட அலுவலர் கொழும்பிலிருந்து பார்வையிட வந்தார். அவருடைய வாகனத்தில் நானும் ஏறிக்கொண்டேன். நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார், தமிழில் கதைப்பார், பிளேன்ரீயில் எவ்வளவு சீனி போட்டிருந்தாலும் முகம் சுளிக்காமல் குடிப்பார். கழுத்தில் ஒரு கமரா. அவர் வந்த காரியம் சின்னதல்ல. தோட்டங்கள் நன்றாக வந்திருக்கிற ஒழுங்கைக்குத் திட்டம் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுக்கும். கச்சான் காலத்தில் அந்தக் கிணறுகளில் தண்ணீர் உவர்த்துப் போகும், குடிக்க ஏலாது. பெண்கள் ரோட்டுக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமப்பார்கள். அந்தத் தொட்டியை ஜெசீமா எவ்வளவு ஆசையோடு எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியும்.

எல்லா வீடும் வேண்டாம், மூன்று வீடு பார்த்தால் போதும் என்றார் அலுவலர். முதல் வீடு சுபைதாவின் வீடு.

சுபைதா விழாவுக்கே வராதவர். அந்த நேரம் மகளுடைய பிள்ளைப்பேற்றுக்குக் கிண்ணியாவுக்குப் போய்விட்டார். அவருடைய பொதியை ஜெசீமா வாங்கி அலுமாரிக்குள் வைத்திருந்தார். மழை முடிகிற நேரம் சுபைதா திரும்பி வந்தபோது வளவு முழுக்கத் தண்ணீர். போடுவதற்கு வேறு இடம் இல்லாமல் கிணற்றடிச் சீமெந்துக் கட்டில் பழைய பெயின்ற் வாளிகளை அடுக்கி, கத்தரியை மட்டும் அதில் போட்டார். கோவா உறையைப் பிரிக்கவேயில்லை. ஏன் என்று கேட்டேன். அதைச் சமைக்க மினக்கெட ஏலாது, வீட்டில் ஒருவரும் தின்னமாட்டார்கள் என்றார். இதில் பெரிய கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. பேரப்பிள்ளை பிறந்த நேரம் அவருக்கு வாய்த்தது, அவ்வளவுதான். செடிகள் மழையில் அகப்படவில்லை. வாளிக்குள் நின்றதால் வேர் அழுகவில்லை. நான் போனபோது இடுப்பளவு உயரத்துக்கு வந்து, பூவும் பிஞ்சுமாக நின்றன.

அதில் ஒரு செடியில் ஒரு காய் முற்றி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அதன் காம்பில் நீலச் சீலைத் துண்டு ஒன்று கட்டியிருந்தது. அலுவலர் படம் எடுத்துக்கொண்டிருக்க, அது என்ன என்று நான் மெல்லக் கேட்டேன்.

“வித்துக்கு உட்டது மிஸ். ஒருத்தரும் கறிக்குப் புடுங்கிப் போடாம சீலை கட்டினன். ஒழுங்கை முழுக்கச் சொல்லி வச்சிரிக்கு, பழுத்தா எல்லாருக்கும் கிள்ளிக் குடுக்கணும்.”

கிளம்பும்போது அந்தப் பேச்சு எனக்குள் உறுத்தியது. எல்லா வீட்டிலும் செடி இருந்தால் எதற்காக ஒழுங்கை முழுக்க ஒரு காயைக் காத்துக்கொண்டிருக்க வேண்டும்? கேட்பதற்கு முன் அலுவலர் வெளியே நடந்துவிட்டார்.

பாதி வழியில் குடையை மறந்தது ஞாபகம் வந்து திரும்பி ஓடினேன். கிணற்றடியில் குடை இருந்தது. வாளிகளும் இல்லை, அலுவலர் இருந்த கதிரையும் இல்லை. சீமெந்தில் வட்ட வட்டமாக ஈரம் மட்டும் இருந்தது. சுபைதா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். செடியெல்லாம் எங்கே என்று கேட்டேன். அவர் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு, வெளியே போன பிள்ளைகளைப் பற்றிச் சொல்வது போல, இப்ப வந்திரும் மிஸ் என்றார்.

இரண்டாம் வீட்டுக்குள் நான் நுழையும்போது வாளிகள் எனக்கு முன்னால் வந்து நின்றன. அதே பெயின்ற், அதே செடி, அதே நீலச் சீலை. பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு பெண்கள் நின்றார்கள். வேலியில் இருந்த கடப்பு வழியாகத் தூக்கி வந்திருக்கிறார்கள். மணலில் ஊதாப் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. அலுவலருக்கு ஒரே சந்தோஷம். இங்கேயும் ஒரு காயை விதைக்கு விட்டிருக்கிறார்களே, நல்ல பழக்கம் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது.

இதை நீங்கள் ஏமாற்று என்று நினைத்தால் அந்த ஒழுங்கையை உங்களுக்குத் தெரியவில்லை. அங்கே ஒரு வீட்டில் கலியாணப் பேச்சுக்கு ஆட்கள் வந்தால், கதிரை ஒரு வீட்டிலிருந்து வரும், திரைச்சீலை இன்னொரு வீட்டிலிருந்து வரும், பூப்போட்ட கோப்பைகள் மூன்றாம் வீட்டிலிருந்து வரும். எல்லாம் அந்தக் கடப்பு வழியாகத்தான் வரும். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதில்லை. பார்க்க வருகிறார்கள் என்றால் அந்த வீடு தனியாக நிற்கக்கூடாது, அவ்வளவுதான். வருகிறவர்களுக்கும் அது தெரியும். அவர்களுடைய ஒழுங்கையிலும் அப்படித்தான் நடக்கிறது. அதனால் யாரும் ஏமாறுவதில்லை. தோட்டம் பார்க்க ஆள் வருகிறது என்றதும் ஜெசீமா தனக்குத் தெரிந்ததைச் செய்தார். ஆனால் கொழும்பு மனிதருக்குக் கதிரை வீடு வீடாகப் போகும் என்று தெரியாது. அவர் கண்ணால் கண்டதை அப்படியே நம்பினார்.

இரண்டாம் வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. அதைப் பிழை என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. வெளியாள் முன்னால் ஒரு வீட்டுப் பெண்ணைத் தலைகுனிய வைப்பது எங்கள் வேலையில்லை. வாகனத்தில் திரும்பும்போது அலுவலரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம் என்று எண்ணினேன். நல்ல யோசனைதான். மூன்றாம் வீடு வரைக்கும் தாங்கியது.

மூன்றாம் வீடு ஜெசீமாவின் வீடு. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்து, கதிரை போட்டு, வாளிகளை நடுவில் வைத்திருந்தார். செடிகள் களைத்துப் போயிருந்தன. கச்சானில் இலை தொங்கிவிட்டது, ஒன்றின் கிளை முறிந்து ஆடியது. பிஞ்சுகள் வழியில் உதிர்ந்திருந்தன, அந்த மஞ்சள் காய் மட்டும் எப்படியோ விழாமல் வந்து சேர்ந்திருந்தது. சுபைதாவும் பின்னாலேயே வந்து கடப்படியில் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் அந்தக் காயிலேயே இருந்தது.

அலுவலர் கதிரையில் இருந்தபடியே காயைக் கையில் ஏந்திப் பார்த்தார். கொழும்பில் இருக்கிறவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும், நாங்கள் கொடுத்த விதையிலிருந்து இவர்களே அடுத்த விதையை எடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும் என்றார். ஒழுங்கையில் மூன்று இருக்கின்றன, ஒன்றை நான் கொண்டுபோனால் குறையாது, தருவீர்களா என்று ஜெசீமாவிடம் மிக மரியாதையாகக் கேட்டார்.

ஜெசீமாவின் முகத்தை நான் பார்த்தேன். கொடுக்கமாட்டேன் என்று சொல்ல அவரால் ஏலாது. வீட்டுக்கு வந்தவர் வாய் விட்டு ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்கிற வீடு அந்த ஒழுங்கையில் கிடையாது. அதிலும் அது அவருடைய காயுமில்லை. சுபைதாவும் பேச முடியாது. இப்போது அது ஜெசீமா வீட்டுச் செடி. உண்மையான சொந்தக்காரி வேலிக்கு அங்கால் நிற்கிற வெறும் அயலவள். மூன்று இருக்கிறதாகத் தோன்றிய காய் உண்மையில் ஒன்று. அது போனால் அடுத்த மாரிக்குப் பிறகு அந்த ஒழுங்கையில் போடுவதற்கு ஒரு விதையும் இல்லை. கடையிலும் இல்லை.

“எடுங்க சேர்,” என்றார் ஜெசீமா.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கூடாரத்தின் மேலா, பொதி கட்டினவர் மேலா, இந்த அப்பாவி மனிதரின் மேலா, எல்லாம் நல்லா இரிக்கு என்று போனில் சொன்ன வாயின் மேலா. கோபத்தில் எடுக்கிற முடிவு பெரும்பாலும் பிழைத்துப்போகும். அதனால் குடையை விரித்து மடக்கி, கொஞ்ச நேரத்தை அதில் போக்கினேன். யோசித்துப் பார்த்தேன். அது விதைக்கு விட்டது, இன்னும் முற்றவில்லை என்று ஒரு சாட்டுச் சொல்லலாம். மற்ற வீட்டில் இருக்கிறதை எடுக்கிறேன் என்று அவர் திரும்பினால் என்ன செய்வது? பேசாமல் இருந்தால் தொட்டி கிடைக்கும். தொட்டியோடு சேர்த்து, கோவாவும் கரட்டும் நன்றாக வருகிற இடம் என்று பெயரும் கிடைக்கும். அடுத்த மாரியிலும் அதே பொதி, அதே திகதி, இந்த முறை பிரதேசம் முழுக்க. அப்படி நடந்தால் எத்தனை கிணற்றடியில் வெறும் தடிகள் நிற்கும்? அதற்குள் அலுவலர் காம்பில் விரலை வைத்துவிட்டார். காம்பு நெளிந்தது.

“சேர், பிடுங்காதீங்கோ. இந்த ஒழுங்கையில அந்தக் காய் ஒண்டுதான் இருக்குது,” என்றேன்.

அவர் விரலை எடுத்தார். புரியாமல் என்னைப் பார்த்தார். மற்றவர்கள் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

“நீங்கள் இருக்கிற கதிரையைப் பாருங்கோ. முதல் வீட்டிலயும் இதிலதான் இருந்தனீங்கள். ரெண்டாம் வீட்டிலயும் இதிலதான். ஆர் வந்தாலும் இவை இப்பிடித்தான் வரவேற்கிறவை. உங்களைச் சொந்த மனுஷரா நினைச்சிட்டினம்.”

அவர் கதிரையின் கையைத் தடவிப் பார்த்தார். அதில் ஒரு பழைய வெடிப்பு, கம்பியால் கட்டியிருந்தது. மூன்று வீட்டிலும் அவருடைய முழங்கையில் குத்திய அதே கம்பி. பிறகு கமராவின் மூடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஜெசீமா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. பிறகு முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, வாங்க சேர் என்று வீட்டுக்குப் பின்னால் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அங்கே அந்தப் பாத்தி காய்ந்து கிடந்தது. பாய் விரித்த மாதிரி அதே அழகு, ஒரு புல் கூட இல்லை. தலைமாட்டில் தடிகள் வரிசையாக நின்றன. அதில் குத்திய உறைகள் வெயிலில் வெளுத்து, கோவாப் படத்தின் பச்சை மட்டும் லேசாகத் தெரிந்தது. அலுவலர் அதற்கு முன்னால் குந்தினார். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கவலையோடுதான் கேட்டார்.

“தந்த பொருளைக் குறை சொல்லி எங்களுக்குப் பழக்கமில்ல சேர்,” என்றார் ஜெசீமா.

அந்தச் சொல்லைத்தான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு நேரம் கதைத்துக்கொண்டிருக்கிறேன். கடையில் வாங்கிய விதை முளைக்காவிட்டால் கடைக்காரனுடைய காது கிழியும். அன்பளிப்பாகக் கொடுத்த விதை முளைக்காவிட்டால் யாரும் மூச்சு விடமாட்டார்கள். அதனால் இலவச விதை கொடுக்கும்போது இரண்டு மடங்கு கவனம் வேண்டும். என்ன இனம் என்று தெரிவு செய்வதற்கு முன், அந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள், என்ன தின்கிறார்கள் என்று கேளுங்கள். அன்றைக்கு அலுவலர் கேட்டபோது பெண்களுக்கு வாய் திறந்தது. ஒருவருக்குப் பயற்றை வேண்டும், பிள்ளைகள் சோற்றோடு தின்பார்கள். ஒருவருக்குக் கருவாட்டோடு போட வெண்டி. ஒருவருக்குப் பந்தலில் ஏற்றப் பாகல், வேறொருவருக்கு நோன்பு காலத்துக்குக் கீரை. மழை எப்போது அடிக்கும், தண்ணீர் எந்த மட்டுக்கு ஏறும், எப்போது வடியும் என்றும் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஒரு பெண்ணும் கோவா என்று சொல்லவில்லை. இதெல்லாம் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று, முன் முற்றத்தில் கதிரை போட்டால் உட்காருங்கள், தேத்தண்ணியைக் குடியுங்கள், அது மரியாதை. ஆனால் எழும்பியதும் பின் வளவுக்குப் போங்கள். கிணற்றடியைப் பாருங்கள். வீடு காட்டுகிற தோட்டம் முன்னால் இருக்கும், வீடு சமைக்கிற தோட்டம் பின்னால் இருக்கும்.

விலையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. தொட்டி அந்த ஒழுங்கைக்குக் கிடைக்கவில்லை. அலுவலர் நேர்மையானவர், இல்லாத தோட்டத்தை இருக்கிறதென்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. நான் எவ்வளவோ வாதாடினேன். அவர்களுடைய பிழை இல்லையே, பொதியின் பிழைதானே என்றேன். அவர் ஒத்துக்கொண்டார், ஆனாலும் தொட்டி வேறு ஊருக்குப் போனது. அடுத்த முறை பொதியில் கோவாவும் கரட்டும் இருக்கவில்லை. பயற்றை, வெண்டி, கீரை, பாகல் வந்தது. கொடுக்கிற நாளும் மழை ஓய்ந்த பிறகு என்று மாற்றினார்கள். அதை அவர்தான் சண்டை பிடித்துச் செய்வித்தார் என்று பிறகு அறிந்தேன். பிரதேசம் முழுக்க அதனால் பிழைத்தது. ஆனால் உண்மையைச் சொன்ன ஒழுங்கை தொடர்ந்து குடம் சுமந்தது. இது நியாயமா என்று கேட்காதீர்கள்.

ஜெசீமா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். பெற்றோல் வந்து, என் ஸ்கூட்டி திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு பல தடவை அந்தப் பக்கம் போனேன். வாசலில் நின்று கூப்பிட்டால் உள்ளேயிருந்து, எல்லாம் நல்லா இரிக்கு மிஸ் என்று குரல் மட்டும் வரும். கதிரை வராது. எனக்கு அது மிகவும் நொந்தது. வேலை செய்த காலத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், அதெல்லாம் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டவள் நான். இந்த மௌனம் மட்டும் வீட்டுக்குக் கூட வந்தது. அவருடைய கோபம் தொட்டி போனதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். குடத்தோடு ரோட்டுக்கு நடக்கிற பெண்களைக் கண்டால் என் ஸ்கூட்டி தானாக மெதுவாகும்.

சுபைதாவின் காய் பிழைத்தது. காம்பு நெளிந்திருந்தாலும் அறவில்லை. நன்றாகப் பழுக்க விட்டு, தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கிய விதையை நிழலில் காயவைத்துச் சாம்பலில் போட்டு வைத்தாராம். மாரி முடிந்ததும் விரல் நுனியால் கிள்ளி, தாளில் மடித்து, வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார். இந்த முறையும் எல்லாம் கடப்பு வழியாகத்தான் போனது.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு கடைசியாக ஒரு தடவை அந்த ஒழுங்கைக்குப் போனேன். கச்சான் வீசிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டுக் கிணற்றடியிலும் கத்தரி நின்றது. வாளியில், பழைய பேசினில், உரப் பையில், சிலர் மண்ணைக் குவித்து உயர்த்திய பாத்தியில். அந்தக் கறுத்த ஊதாக் காய்கள் வீட்டுக்கு வீடு தொங்கின. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காயில் ஒரு சீலைத் துண்டு கட்டியிருந்தது. சிவப்பு, மஞ்சள், பூப்போட்டது என்று ஒவ்வொன்றும் வேறு வேறு. நான் பழக்க தோஷத்தில் பெயின்ற் வாளிகளைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எல்லாம் வேறு வேறு வாளிகள்தான்.

ஜெசீமாவின் வாசலில் கூப்பிட்டேன். குரல் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கதிரை வந்தது. அதில் கம்பி கட்டியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. அவர் பின் வளவுக்குப் போய், பச்சைச் சீலை கட்டிய ஒரு காயைக் கொண்டுவந்தார். நன்றாகப் பழுத்து, தோல் சுருங்கி, மஞ்சளும் மண்ணிறமுமாக இருந்தது. விதைக்கு விட்ட காயைப் பிடுங்கிவிட்டாரே என்று எனக்குத் துணுக்கென்றது. அடுத்த போகத்துக்கு இருக்கட்டும், ஏன் பிடுங்கினீங்கள் என்று கேட்டேன்.

“எங்களுக்கு இரிக்கு மிஸ்,” என்றார். அதை என் மடியில் வைத்துவிட்டு, எதிரே மணலில் குந்திக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடமாட்டேன் என்ற பிடிவாதம் இருந்தது.

“தொட்டி போனதுக்கு நான் கோவிக்கல்ல. அல்லாஹ் தந்தா தருவான். அண்டைக்கு அந்த சேர் என்ட ஊட்டு வாசல்ல இருந்து ஒரு காயைக் கேட்டார். குடுக்க ஏலாம வெறுங்கையோட போனார். அதுதான் நெஞ்சில கிடந்திச்சு. இத அவருக்கு அனுப்பி உடுங்க.”

நான் காயை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். ஸ்கூட்டியில் ஏறியபோது அவர் வாசல்வரை வந்து, மறந்துபோன ஒன்றைச் சொல்வது போல என்னை நிறுத்தினார்.

“கூடாரம் அடிச்ச அண்டைக்குப் போட வேணாமெண்டு அவருக்குச் சொல்லுங்க மிஸ். மழை விட்டதுக்குப் பிறகு போடச் சொல்லுங்க.”